ஸலீம் நானா கடை வாத்து

நான் பிறந்ததிலிருந்து மாமிசம் தொட்டதில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தம்பி. நீங்கள் கேட்க வந்த பிழை அங்கிருந்துதான் தொடங்கியது.

நேற்றுக் காலை கொழும்பு நூதனசாலை வேலையாக வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டு, இந்த ஹாலிஎல வீட்டு முன்னறையில் என் எதிரே உட்கார்ந்தீர்கள். பஞ்சில் சுற்றிய இரண்டு கழுத்தெலும்புகளை என் உள்ளங்கையில் வைத்து, இந்தக் கீறல் எப்படி வந்தது என்று கேட்டீர்கள். மரியாதையாகத்தான் கேட்டீர்கள். எனக்கு அறுபத்தாறு வயதாகிறது. நாலு வாக்கியம் பேசினால் மூச்சு வாங்குகிறது. வாயால் சொன்னால் நடுவில் நீங்கள் ஏதாவது கேட்பீர்கள், நான் விட்ட இடத்தை மறந்துவிடுவேன். அதனால் எழுதித் தருகிறேன். நீங்கள் எலும்பைப் பற்றி மட்டும்தான் கேட்டீர்கள். மற்றதையும் சேர்த்தே எழுதுகிறேன். இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை, முயற்சி செய்யவும் அலுப்பாக இருக்கிறது.

மடுல்சீமையில் மேமலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் மருந்துக்காரனாக இருந்தேன். லயம் என்கிற வரிசை வீடுகளில் இருந்த ஆட்கள் என்னை மருந்தையா என்பார்கள். சொந்த ஊர் லால்குடிப் பக்கம், சைவக் குடும்பம். பாதிரிமார் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் படித்து, கண்டியில் இரண்டு வருடம் மருந்து கலக்கப் பழகிக்கொண்டு அந்த மலைக்கு ஏறினேன். காய்ச்சலுக்குக் கொயினா, வயிற்றுப்போக்குக்கு ஒரு கலவை, கொழுந்து பறிக்கிறவர்களின் கால் புண்ணுக்கு ஒரு களிம்பு. இதற்கு மேல் என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, அவர்களும் இதற்கு மேல் எதிர்பார்க்கவில்லை. டாக்டர் பதுளையில் இருந்தார். மழைக்காலத்தில் பதுளை என்பது ஒன்றரை நாள் பயணம்.

எங்கள் தோட்டத்து வெள்ளைக்காரத் துரையைப் பற்றி உங்களுக்கு ஓரளவு தெரிந்திருக்கும். தேயிலைக்கு வருவதற்கு முன் அவர் தெற்குக் கடலில் ஒரு தீவில் கரும்புத் தோட்டம் நடத்தியவர். அங்கே ஒரு சதுப்பு நிலத்தை வடித்தபோது சேற்றுக்குள்ளிருந்து எலும்புகள் வந்தன. ஆமை, புறா, வாத்து. எல்லாம் அந்தத் தீவில் மட்டும் இருந்து, அங்கேயே அற்றுப்போன இனங்கள். மூன்று பெட்டி நிறைய அவற்றைக் கட்டிக்கொண்டுதான் அவர் இந்த மலைக்கு வந்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மற்றத் துரைமார் ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் விளையாடப் போவார்கள். இவர் எலும்பு பார்ப்பார்.

அதிலும் வாத்துதான் அவருடைய பைத்தியம். பங்களாவின் பின்னறையில் நீளமான மேசை. இடது பக்கத் தட்டில் தீவு வாத்தின் எலும்புகள், சேற்றில் ஊறிப் பழுப்பு ஏறியவை. வலது பக்கத் தட்டில் இன்றைக்கு உயிரோடிருக்கும் அதன் உறவுகளின் எலும்புகள், வெள்ளையாக. பிந்தனைப் பக்கத்துக் குளங்களில் சுட்ட தாராக்கள், கடல் கடந்து ஆட்கள் அனுப்பிய வாத்துகள். இறக்கை எலும்பின் நீளத்தையும் தொடை எலும்பின் நீளத்தையும் பித்தளைக் கவராயத்தால் அளந்து, ஒன்றை மற்றொன்றால் வகுத்து எழுதிக்கொண்டே போவோம். குளத்துத் தாராவுக்கு இறக்கை நீளம். தீவு வாத்துக்குக் கால் தடித்து, இறக்கை குட்டையாகிவிட்டிருந்தது. அந்தத் தீவில் நரி இல்லை, பூனை இல்லை, மனிதனும் இல்லை. பயமில்லாத இடத்தில் இறக்கை எதற்கு என்பார் துரை. முதன்முதல் கப்பல்காரர்கள் தடியோடு இறங்கியபோது அந்த வாத்துகள் ஓடவில்லையாம். என்ன என்று பார்க்கக் கிட்டே நடந்து வந்தனவாம்.

இந்த வேலைக்கு அவர் என்னைச் சேர்த்துக்கொண்டது, இங்கிலீஷில் எண் எழுதத் தெரிந்தவன் என்பதால். முதல் மாதம் நின்றுகொண்டுதான் செய்தேன். துரையின் முன்னால் உட்காருகிற வழக்கம் அந்த மலையில் யாருக்கும் இல்லை. கணக்கப்பிள்ளைக்குக் கிடையாது, பெரிய கங்காணிக்கும் கிடையாது. எல்லாரும் செருப்பை வெளியே விட்டுவிட்டு நிற்பார்கள். ஒரு நாள் துரை என் அளவையும் தன் அளவையும் ஒத்துப் பார்த்தார். என்னுடையது எப்போதும் அரை மில்லிமீட்டர் கூடவே இருந்தது. நின்று பார்க்கிறவனுக்கு மேலிருந்து பார்ப்பதால் முள் தள்ளித் தெரிகிறது என்று கண்டுபிடித்தார். அடுத்த நாள் நாலு மணிக்குப் போனபோது மேசையின் இந்தப் பக்கம் ஒரு பிரம்பு நாற்காலி கிடந்தது. உட்கார், பொன்னையா என்றார்.

அளவு சரியாக வர வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நாற்காலி. எனக்கு அது தெரியும். ஆனாலும், அன்றைக்கு ஜன்னலுக்கு வெளியே பெரட்டுக் கணக்கு, அதாவது அன்றைய ஆட்களின் வரவுக் கணக்கு, சொல்ல வந்து நின்ற பெரிய கங்காணி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்காக நான் என்னவும் செய்திருப்பேன். செய்யவும் செய்தேன். அதன் பிறகு பகல் முழுவதும் கால் புண் கழுவிக்கொண்டிருந்தாலும் நாலு மணி வரப்போகிறது என்று ஒரு நிம்மதி இருந்தது. என் வாழ்க்கையில் எனக்கென்று ஓர் இடம் கிடைத்தது அங்கேதான். இதை விளங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

அந்த அறையில் மூன்றாவது ஆள் ஒருத்தி இருந்தாள். இராக்கம்மா. அவள் உட்காரவில்லை, வாசற்படியில் நிற்பாள். நாற்பது வயதுக்காரி, புருஷன் இல்லை, தண்ணீர்ப் பீலிக்கு மேலே இருந்த லயத்தில் கடைசி அறையில், காம்பரா என்பார்கள், தனியாக இருந்தாள். ஒரு காய்ச்சலில் அவளுக்கு மூக்கு மணம் அறியாமல் போய்விட்டது. சுட்ட பறவைகளைத் தகரத்தில் ஊறப்போட்டு, சதை கழன்ற பின் எலும்பைப் பொறுக்கி எடுக்க வேண்டும். அந்த நாற்றத்தில் வேறு யாரும் நிற்க மாட்டார்கள். அவள் வெற்றிலை மென்றுகொண்டு பாட்டுப் பாடியபடி செய்வாள். சம்பளத்தோடு பங்களாச் சமையலில் மிஞ்சுவதும் அவளுக்கு. எலும்புகளுக்கு அவளே பெயர் வைத்திருந்தாள். இறக்கை எலும்பு துடுப்பு. நெஞ்செலும்பு ஓடம். துரைக்கு அந்தப் பெயர்கள் பிடித்துப்போய், தன் குறிப்புகளிலும் எழுதிக்கொண்டார். அவள் ஓடம் என்று சொன்னால் சிரிப்பார். நான் சரியான இங்கிலீஷ் பெயரைச் சொன்னால் தலையாட்டுவார், அவ்வளவுதான். அது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் அதற்காக நான் எதையும் செய்யவில்லை.

தீவு வாத்து தனி இனம் என்று உலகத்துக்குச் சொல்ல துரைக்கு இரண்டு குறை இருந்தது. முழுக் கழுத்து இல்லை. நெஞ்செலும்பு இல்லை. பறக்கிற வாத்தின் நெஞ்செலும்பில் கத்தி மாதிரி ஒரு முகடு உயர்ந்து நிற்கும். பறக்காததற்கு அது தேய்ந்திருக்கும். அந்த ஓர் எலும்பு கிடைத்தால் போதும் என்று பத்து வருடம் காத்திருந்தார். தீவில் இருந்த சிநேகிதர் மறுபடி தோண்டி நாலாவது பெட்டி அனுப்புவதாகக் கடிதம் போட்டார். அது 1898 ஜனவரி. துரை அப்போது காய்ச்சலில் கிடந்தார். நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு நாள் போர்வைக்குள்ளிருந்து, இந்தப் பெட்டியிலும் இல்லையென்றால் எனக்கு அலுத்துவிட்டது பொன்னையா, எல்லாவற்றையும் கொழும்புக்குக் கொடுத்துவிட்டு சீமையில் தங்கச்சி வீட்டுக்குப் போய்விடப்போகிறேன் என்றார். நான் அவருடைய நெற்றியில் ஈரத்துணியை மாற்றிப் போட்டேன். புதிய துரை வருவார், அந்தப் பின்னறையில் சேணம் மாட்டி வைப்பார்கள், நான் மறுபடி வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். வேறொன்றும் என் நினைவில் வரவில்லை.

பெட்டி கப்பலில் கொழும்புக்கும், ரயிலில் பண்டாரவளைக்கும், மாட்டு வண்டியில் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. மருந்து வாங்கப் பதுளைக்குப் போன நானே அதை எடுத்து வர வேண்டியதாயிற்று. வண்டிப்பேட்டைக் கொட்டிலில் வைத்துத் திறந்தேன். ஆமை ஓடு, புறா எலும்பு, அப்புறம் சேறு. வாத்து என்று சொல்ல ஒரு துண்டுகூட இல்லை. மேலே ஒரு கடிதம். சதுப்பை மூடிக் கரும்பு நட்டாயிற்று, இனி அனுப்ப ஒன்றுமில்லை என்று எழுதியிருந்தது. கடிதத்தைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

எதிரே ஸலீம் நானாவின் கோழிக்கடை. எங்கள் பங்களாவுக்குக் கோழியும் வாத்தும் அவர்தான் அனுப்புவார். வீட்டு வாத்தும் பறப்பதை மறந்த வாத்துதான், தம்பி. வளர்க்கிற கை சோறு போடுகிறது, அதற்கும் இறக்கை வேண்டியிருக்கவில்லை. இதைத் துரையே என்னிடம் பல தடவை அளந்து காட்டியிருக்கிறார். ஒரு பெரிய வாத்தாகக் கேட்டேன். துரைக்குக் காய்ச்சல் விட்டுதா, சூப்புக்கா என்று நானா விசாரித்தார். ஆமாம் என்றேன். உயிரோடு வாங்கியிருக்க வேண்டும். ஆனால் சைவச் சாப்பாட்டுக்காரன் கையில் கத்துகிற வாத்தைப் பார்த்தால் போகிற வழியில் லுணுகலைக் கடைத்தெருவில் ஒரு வாரத்துக்கு அதுதான் பேச்சு. அறுத்துக் கட்டித் தரச் சொன்னேன். நானா தன் முறைப்படி பிஸ்மில்லா சொல்லி அறுத்து, வாழையிலையில் சுற்றித் தந்தார். நான் பார்க்கவில்லை. இரத்தம் பார்த்தால் எனக்கு ஒத்துக்கொள்ளாது, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

பசறைக்கு அப்பால் மண் சரிந்து வண்டி நிற்கிறது என்று துரைக்குச் சொல்லிப் பதினொரு நாள் பெட்டியை மருந்தறையில் வைத்திருந்தேன். சதையை நானே களைந்தேன். அந்த வேலை எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று யாருக்கும் தெரியாது, இரண்டு தடவை வாந்தி எடுத்தேன். நெஞ்செலும்பின் முகட்டை மெல்லிய அரத்தால் இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். தொழிற்சாலையில் கூட்டி ஒதுக்கிய தேயிலைத் தூளை, துருப்பிடித்த ஆணிகளோடு கொதிக்க வைத்து எலும்புகளை அதில் ஊறப் போட்டேன். மூன்றாம் நாள் இடது தட்டின் நிறம் வந்துவிட்டது. பெட்டிக்குள் இருந்த தீவுச் சேற்றையே பூசிக் காய வைத்தேன். கழுத்தெலும்புகள் இரண்டில் முன்பக்கம் மெல்லிய கோடு இருந்ததைப் பார்க்கத்தான் செய்தேன். எலும்பில் நரம்பு ஓடுகிற பள்ளங்கள் இருக்கும், அதில் ஒன்று என்று விட்டுவிட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீளமும் அகலமும்தான். ஒரு வாத்தின் கழுத்தை நான் என்றைக்குமே தட்டில் பார்த்ததில்லை.

பெப்ரவரி பதினொன்றாம் தேதி துரையின் முன்னால் பெட்டியைப் பிரித்தோம். நெஞ்செலும்பு வெளியே வந்தது. துரை அதை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனார். எனக்கு முதுகைக் காட்டியபடி, முகத்துக்குக் கிட்டே பிடித்து வெகுநேரம் நின்றார். திரும்பியபோது கண் கலங்கியிருந்தது. காய்ச்சலிலிருந்து எழுந்தவர், பத்து வருடம் காத்திருந்தவர், சந்தோஷம் தாங்கவில்லை என்று நினைத்தேன். உட்கார் பொன்னையா, அளப்போம் என்றார். அளந்தோம். சீமைக்குப் போகிற பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவே இல்லை. அவ்வளவோடு முடிந்திருந்தால் அதில் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை.

பத்து நாள் கழித்து ஒரு மத்தியானம். தூறல். துரை தொழிற்சாலையில். இராக்கம்மா தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அந்தக் கழுத்தெலும்பை எடுத்துப் பெருவிரலால் தடவினாள். நின்றாள். இன்னொன்றை எடுத்துத் தடவினாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள்.

"ஐயா, இது ஸலீம் நானா கடை வாத்துங்க."

அது ஆயிரம் வருடத்து எலும்பு, வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார் என்றேன்.

"ஆயிரம் வருசத்துக்கு முந்தி அந்தத் தீவுல நானாவோட பாட்டன் கடை வச்சிருந்தாருங்களா?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினாள். பங்களாவில் வாத்து சமைத்தால் கழுத்தும் காலும் அவளுக்கு. எட்டு வருடமாக அந்தக் கழுத்துகளை அவள் சப்பியிருக்கிறாள். நானாவின் கை கொஞ்சம் பாரம். கத்தி எலும்பு வரைக்கும் இறங்கிவிடும், எப்போதும் அதே இடத்தில், அதே சாய்வில். அந்தக் கோடு அவளுடைய நாக்குக்கே தெரியும். இப்படி ஒரு விஷயம் இருப்பது எனக்கு எப்படித் தெரியும், தம்பி? துரையின் மேசைக்குக் கழுத்து வருவதில்லை. எனக்கு எதுவுமே வருவதில்லை.

என் முகத்தைப் பார்த்து அவளுக்கே மனசு கேட்கவில்லை போல. எலும்பைத் தட்டில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"நான் எதுக்குங்க தொரகிட்ட சொல்றேன். பாவம், அவரு சந்தோசமா இருக்காரு. இருந்துட்டுப் போகட்டும்."

அவள் சொன்னதை நான் நம்பினேன். இதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அவள் சொல்லக்கூடியவள் அல்ல. என்னிடம் எதுவும் கேட்கவும் இல்லை. அவளிடம் எனக்கு விரோதம் என்று ஒன்றும் கிடையாது, ஒரு பிரசவக் காய்ச்சலில் அவளை நானே பிழைக்க வைத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்குப் பிறகு நான் நாற்காலியில் உட்காரும் ஒவ்வொரு தடவையும் வாசற்படியில் அவள் நின்றாள். கெட்ட எண்ணமில்லாத ஒரு சிரிப்பு அவள் வாயோரத்தில் இருந்தது. நம் இருவருக்கும் ஒரு வேடிக்கை தெரியும் என்பது மாதிரி. நாற்காலி அதே நாற்காலிதான். என்னால் அதில் நிம்மதியாக உட்கார முடியவில்லை. அளவு தப்பாக வந்தது. துரை ஒரு நாள், உனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார். அன்றைக்குத்தான் தீர்மானித்தேன் என்று நினைக்கிறேன். பெரிய யோசனை ஒன்றும் இல்லை. முதுகில் முள் இருந்தால் எடுத்துப்போடுவோம் அல்லவா.

மார்ச் தொடக்கத்தில் லுணுகலைக் கடைத்தெருவில் இரண்டு பேர் வாந்திபேதியில் போனார்கள். புது ஆட்கள் வந்த வழியில் அது வந்திருந்தது. தோட்டத்துக்கு வராமல் தடுப்பது என் பொறுப்பு. லயம் லயமாகப் போய்த் தடுப்பு மருந்து கொடுக்கும்படி துரை உத்தரவிட்டார். பறவைத் தோலைப் பூச்சி அரிக்காமல் வைத்திருக்கப் பாஷாணம் பூசுவோம். அந்தத் தகரத்தின் சாவி என்னிடம் இருந்தது. அது ஓர் ஆளை எடுக்கும் விதமும் வாந்திபேதி எடுக்கும் விதமும் பார்ப்பதற்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். அந்த மலையில் இரண்டையும் பிரித்துச் சொல்லக் கூடியவன் நான் ஒருவன்தான்.

ஒரு சங்கடம் இருந்தது. வாந்திபேதியில் ஓர் ஆள் மட்டும் சாவதில்லை. இராக்கம்மா தனியாகச் செத்தால் அது நோய் மாதிரித் தோன்றாது. ஒரே பீலியில் தண்ணீர் பிடிக்கிற பக்கத்துக் காம்பராவிலும் ஒருவராவது போக வேண்டும். பக்கத்தில் தம்பையா இருந்தார். எழுபது வயது, இளைப்பு நோய், வேலைக்குப் போய் மூன்று வருடமாகிவிட்டது. அடுத்த மழையைத் தாண்டுவாரா என்பது எனக்கே சந்தேகம். அவரைத் தேர்ந்தெடுத்ததில் நான் அக்கிரமம் செய்ததாக எனக்குத் தோன்றவில்லை.

லெட்சுமியை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அவள் தம்பையாவின் மருமகள். முழுகாமல் இருந்தாள், ஏழாவது மாதம். நான் கிழவருக்கு ஊற்றிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து வந்தாள்.

"எனக்கும் இதையே ஊத்துங்கய்யா. வயித்துப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகிடக் கூடாது."

இன்னொரு போத்தலும் என் பையில் இருந்தது, நல்ல மருந்து. அதை எடுத்தால், கிழவருக்கு ஒன்று இவளுக்கு ஒன்றா என்று யாராவது கேட்பார்கள். வாசலில் நாலைந்து பேர் நின்றார்கள். ஊற்றினேன். கடைசிக் காம்பராவுக்குப் போனேன். இராக்கம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன மருந்து என்றுகூடக் கேட்காமல், ஐயா குடுத்தா சரிதாங்க என்று அண்ணாந்து குடித்தாள். கசக்குதா என்று நான் கேட்டேன். மணம்தான் தெரியாது, கசப்பு நல்லாத் தெரியுதுங்க என்று சிரித்தாள். இதுதான் அவள் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. மற்ற எல்லாருக்கும் நல்ல மருந்தைக் கொடுத்தேன். நூற்றுப் பதினேழு பேர். அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

மூன்று பேரும் மார்ச் ஆறாம் தேதி இருட்டுவதற்குள் போனார்கள். நான் அவர்களை விட்டு நகரவில்லை. வாந்தியை நானே துடைத்தேன், கால்களைத் தேய்த்துவிட்டேன். லெட்சுமியின் புருஷன் என் காலில் விழுந்தான், எழுப்பி உட்கார வைத்தேன். அன்றைக்கே அடக்கம் செய்தோம். தப்பு மேளம் அடிக்கவில்லை, நோய்க்காலம். லயத்துக்குச் சுண்ணாம்பு அடித்து, பீலியை ஒரு மாதம் அடைத்தோம். பதுளைக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதிலாக, நல்ல ஏற்பாடு என்று ஒரு வரி வந்தது. துரை எல்லார் முன்னாலும் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இவன் இல்லையென்றால் முழு லயமும் போயிருக்கும் என்றார். அதற்குப் பிறகு தோட்டத்தில் யாரும் வாந்திபேதியில் சாகவில்லை.

நான் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். வாசற்படி காலியாக இருந்தது. அளவு மறுபடி சரியாக வந்தது. எலும்பு பொறுக்க வேறு ஆள் கிடைக்கவில்லை. ஆகவே புதிய பறவைகள் வருவது நின்று, இருந்த எலும்புகளையே திரும்பத் திரும்ப அளந்தோம். பதின்மூன்று வருடம். ஓடம் என்ற பெயரைத் துரை அதற்குப் பிறகு சொல்லவில்லை. கட்டுரையை எப்போது அனுப்பப்போகிறீர்கள் என்று கேட்பேன். இன்னும் ஒரு தடவை அளந்துவிடுவோம் என்பார். போன ஒக்டோபரில் அவர் இறக்கும்வரை அனுப்பவில்லை. ஏன் என்று எனக்கு விளங்கவே இல்லை. காரணத்தை நேற்று நீங்கள்தான் கொண்டுவந்தீர்கள்.

அவருடைய குறிப்புப் புத்தகத்திலிருந்து ஒரு பக்கத்தை வாசித்துக் காட்டினீர்கள். பெப்ரவரி பதினொன்று என்று தேதி போட்டு, அவருடைய கையெழுத்தில் இருந்தது. இங்கிலீஷில் இருந்ததை எனக்காகத் தமிழிலும் எழுதிவைத்துக்கொண்டேன்: "பழைய எலும்பு நாக்கில் ஒட்டும். இது ஒட்டவில்லை. சுவை பார்த்தேன். தினமும் காலையில் தொழிற்சாலையில் நான் சுவைத்துத் துப்புகிற என் தோட்டத்துத் தூள்தான். பொன்னையா கவனமாகச் செய்திருக்கிறான். நான் போகக் கூடாது என்பதற்காகத்தான் செய்திருப்பான். அவனிடம் இதைப் பற்றிப் பேசப் போவதில்லை. பேசினால் அவன் வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவான். பிறகு இந்த மேசையில் எனக்கு யார் இருக்கிறார்கள்?"

வாசித்துவிட்டு நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

நீங்கள் போன பிறகு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். பெப்ரவரி பதினொன்றுக்கும் மார்ச் ஆறுக்கும் நடுவில் இருபத்து மூன்று நாள். அதில் ஒவ்வொரு நாளும் நாலு மணிக்கு அவர் என் எதிரே உட்கார்ந்திருந்தார். எல்லாம் தெரிந்துகொண்டு. எனக்குத் தெரியும், பரவாயில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இராக்கம்மாவின் சிரிப்பு என்னை என்ன செய்திருக்கும்? நானும் கூடச் சேர்ந்து சிரித்திருப்பேன். அந்தப் போத்தலைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. பாஷாணம் கொடுத்தது நான்தான், மறைக்கவில்லை. இராக்கம்மா, தம்பையா, லெட்சுமி, மூன்று பேருக்கும் என் கையால் கொடுத்தேன். நீதவான் கேட்டாலும் இதையே சொல்வேன். ஆனால் படித்த மனிதர், தோட்டம் முழுவதும் அவர் சொல்லுக்காகக் காத்திருந்த மனிதர், தன்னுடைய தனிமைக்குப் பயந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தார். அதற்கு மூன்று ஏழை உயிர்கள் போக வேண்டியதாயிற்று.

நேற்று முழுவதும் அவர் மேல் எனக்கு ஆத்திரமாக இருந்தது. இன்று அது இல்லை. களைப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். கல்லறை எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள், தொழிற்சாலைக்கு மேலே சவுக்கு மரங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. போனால் அவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள். நான் அவரை மன்னித்துவிட்டேன்.